சொன்னது சொன்னபடி

பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்டுக்கொள்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊழியம் செய்யப் போகிறேன் என்று நீங்கள் அவளைக் கடல் தாண்டி அந்த மலைப்பக்கத்துக்கு அழைத்துப் போனதிலிருந்து அவள் எனக்கு எழுதாமல் இருந்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட நாலு வரி கிறுக்கி அனுப்பினாள். அதனால்தான் உங்களுக்கு நேராக எழுதுகிறேன். நமக்குள் இதுதான் முதல் கடிதம் என்று நினைக்கிறேன். கல்யாணப் பேச்சின்போது நீங்கள் எழுதியது எனக்கு அல்ல, கர்த்தருக்கு. நடுவில் நான் பிரித்துப் படித்தேன், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாதி ஆயுசை மருந்துக்கடையில் நின்றே கழித்தவள். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்தே தலைவலி அவருக்கா, அவர் மனைவிக்கா என்று சொல்லிவிடுவேன். நீங்கள் ஊழியத்துக்கு வருமுன் தண்ணீர் பம்பு விற்றவர். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்வது அந்தத் தொழிலில் ஒரு திறமை. அதை என்னிடம் காட்ட வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான்: என் மகள் ஏன் எழுதவில்லை?

ஆலயத்தில் எல்லோரும் உங்கள் ஊழியத்துக்காக ஜெபிக்கிறார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை


மார்ச் 2

கர்த்தருக்குள் பிரியமான அத்தை அவர்களுக்கு,

அவருடைய அளவற்ற கிருபையால் நாங்கள் சுகம். தங்கள் சரீர சுகத்துக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறோம்.

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இங்குள்ள ஊழியத்தின் பாரத்தைத் தாங்கள் அறிந்தால் கண்ணீர் வடிப்பீர்கள். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் ஐந்து சிறு சபைகள். ஒன்று பால்பண்ணையை ஒட்டி, ஒன்று கல்குவாரிக்குக் கீழே, ஒன்று மரம் அறுக்கும் மில்லின் பின்பக்கம், இப்படி. ஒரு சபைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தால் அது பெரிய கூட்டம். அவர்களும் சாணி ஒட்டிய செருப்போடு வந்து, சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு எழுத்து வாசனை கிடையாது. பாட்டு ஆரம்பித்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஆயிரம் பேர் கூடும் மைதானங்களில் பேசிப் பழகிய நான், மூன்று பெஞ்சுகளையும் ஒரு தகரக் கூரையையும் பார்த்து முழங்குகிறேன். நான் ஆங்கிலத்தில் பேச, தங்கள் மகள் பக்கத்தில் நின்று அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்லிவந்தாள். வந்த சில மாதங்களிலேயே அந்த மொழி அவளுக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

ஆனாலும் கல்நெஞ்சங்கள் உடைந்தன. பெரியவர்கள் தேம்பித் தேம்பி அழுவதைக் கண்ணாரக் கண்டேன். இப்போது மழையில் பாதை மூடிக் கிடக்கிறது. மழை ஓய்ந்ததும் கூட்டங்கள் மறுபடி தொடங்கும்.

தங்கள் மகள் நலம். ஊழியப் பளுவினால் எழுத இயலவில்லை.

தங்கள் ஜெபங்களை நாடும் மருமகன்


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் முழங்கால்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் எனக்காக நின்றால் மூட்டு தேய்ந்துவிடும்.

மாட்டுச் சாணிக்கு ஒரு பத்தி, தகரக் கூரைக்கு ஒரு பத்தி, என் மகளுக்கு இரண்டே வரி. அந்த இரண்டு வரியிலும் ஒன்று பொய். பாதை மூடி, கூட்டமும் இல்லை என்கிறீர்கள். அப்புறம் என்ன ஊழியப் பளு? மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு நாலு வரி எழுத முடியாதா?

இன்னொன்று. ‘திருப்பிச் சொல்லிவந்தாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவருகிறாள் என்று எழுதவில்லை. மருந்துச்சீட்டில் ஒரு எழுத்து மாறினால் ஆள் போய்விடும் மாப்பிள்ளை, அதனால் எழுத்தை விடமாட்டேன். இப்போது சொல்வதில்லையா? ஏன்?

அந்த ஜனங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் எங்கள் கடைக்கு முதல் தடவை வந்த நாள் ஞாபகம் வந்தது. பம்பைப் பற்றிப் பேசினீர்கள், பேசினீர்கள், அப்படிப் பேசினீர்கள். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

அத்தை


ஏப்ரல் 11

கர்த்தருக்குள் அத்தை அவர்களுக்கு,

இவ்விடம் சுகம். அவ்விடமும் அப்படியே என நம்புகிறேன்.

வீண் சந்தேகங்களால் தங்கள் மனம் கலங்க வேண்டாம். தங்கள் மகளுக்குச் சற்று ஓய்வு தேவைப்பட்டது. மேல்மலைக் கிராமத்தில் மருத்துவச்சி ஒருத்தியின் வீட்டில் சில காலமாகத் தங்கியிருக்கிறாள். அங்கே காற்று நல்லது. ஐந்தாவது சபை அங்குதான் இருக்கிறது.

மொழிபெயர்ப்புக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டேன். நீதிமன்றத்தில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். ஊழியத்துக்கு இப்படிப்பட்ட ஆள்தான் தேவை.

மருமகன்


ஏப்ரல் 26

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

மருத்துவச்சி வீடு என்றதும் ஒரு நிமிஷம் என் மனசு துள்ளியது. அப்புறம் யோசித்தேன். நல்ல செய்தியாக இருந்தால் நீங்கள் ஒலிபெருக்கி கட்டி ஊரைக் கூட்டியிருப்பீர்கள். ஆக, அது இல்லை.

கட்டிய மனைவி புருஷனை விட்டுவிட்டு மலை உச்சியில் யார் வீட்டிலோ இருக்கிறாள். அதற்குக் காற்று நல்லது என்று காரணம். உங்கள் வீட்டில் இல்லாத காற்றா? என் காதில் பூ சுற்றாதீர்கள்.

நேராகவே கேட்கிறேன். அவள் மேல் கை நீட்டினீர்களா?

இதற்கு வரும் பதிலில் கர்த்தர், கிருபை, பாரம் ஆகிய மூன்று சொல்லும் இருக்கக் கூடாது.

அத்தை


மே 14

அத்தை அவர்களுக்கு,

கை நீட்டவில்லை. அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

தாங்கள் உண்மையைக் கேட்டீர்கள். கேளுங்கள். மழை தொடங்குமுன் பால்பண்ணைக் கிராமத்தில் கடைசிக் கூட்டம். மாடுகளுக்கு ஊசி போட வந்திருந்த ஒரு மாட்டு டாக்டர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலமும் தெரிந்தவர், இந்த ஜனங்களின் மொழியும் தெரிந்தவர். அன்று நான் நரகத்தைப் பற்றிப் பேசினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாகப் பேசியதில்லை. பண்ணைக்காரர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். என் உள்ளம் பூரித்தது. கூட்டம் முடிந்ததும் டாக்டர் வந்து சிரித்துக்கொண்டே கை குலுக்கினார்.

“நல்ல ஏற்பாடு சார். நீங்க ஒண்ணு பேசுறீங்க, அம்மா ஒண்ணு பேசுறாங்க. ரெண்டு பேரும் கலந்து பேசி வெச்சதா?”

“என்ன சொல்றீங்க?”

“நீங்க மேஜையைக் குத்தி, ‘மேய்ச்சல் இருந்தா வருவீங்க, இல்லைன்னா அசை போட்டுக்கிட்டுப் படுத்துக்குவீங்க, மாட்டுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்’னு கேட்டீங்க. அவங்க, ‘விடிஞ்சதுல இருந்து மாட்டோட நின்னு கால் கடுத்துப்போய் வந்திருக்கீங்க, இங்க யாரும் உங்களை வேலை வாங்கப் போறதில்ல, சாஞ்சு உட்காருங்க’ன்னாங்க. நீங்க நெருப்பு நெருப்புன்னு கத்தினப்போ, போன வாரம் செத்துப்போச்சே, அந்தப் பால்காரரோட குழந்தை, அதைப் பத்திப் பேசினாங்க. அதுக்குத்தான் சார் எல்லாரும் அழுதாங்க.”

வீட்டுக்கு வந்து கேட்டேன். மறுக்கவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“ஆரம்பத்துல இருந்தே.”

“எதுக்கு?”

“நீங்க சொல்றதை அவங்க முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியல.”

தாங்களே யோசித்துப் பாருங்கள். ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தைகூட அவர்கள் காதில் விழவில்லை. நான் கையை வீசிக்கொண்டு நின்ற பொம்மை. தலைமை அலுவலகத்துக்கு, ஜனங்கள் நரகப் பிரசங்கத்தில் உடைந்தார்கள் என்று வேறு எழுதியிருக்கிறேன். தெய்வத்தின் பெயரால் பொய் சொன்னவள் இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று சொன்னேன். மறுநாள் காலை பால் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

இப்போது கோர்ட்டுக்காரர் வந்திருக்கிறார். இந்த ஜனங்கள் இனிமேல்தான் முதல் தடவையாக என் வார்த்தையைக் கலப்படமில்லாமல் கேட்கப் போகிறார்கள். யார் சொன்னது சரி என்று அப்போது தெரியும்.

மருமகன்


ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு இன்னும் நலம்.

கடையில் ஆள் இருக்கும்போதே படித்துத் தொலைத்தேன். மாட்டு டாக்டர் வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில், இருமல் மருந்து கேட்டு நின்றவர் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் நெருப்பு என்று கத்த, அவள் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச! பள்ளிக்கூடத்தில் என் மகளை ஊமை என்று கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது கோபம் வரும். இப்போது வரவில்லை.

சிரித்து முடித்தபின் ஒன்று உறைத்தது. ‘அவர் உங்களை அடிக்கடி விசாரிப்பார் அம்மா, உங்கள் கையால் காபி குடிக்க வேண்டும் போல இருக்கிறது என்றார்’ என்று பாப்பா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள். நீங்கள் அப்படி ஒரு நாளாவது சொன்னீர்களா? பதில் எழுத வேண்டாம், தெரிந்துவிட்டது. பம்பு விற்கிறவனுக்கு இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்று நானும் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். போனால் போகிறது என்று அதற்காகவே உங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டும் இருந்தேன். எல்லாம் வீண்.

உங்கள் பிரசங்கத்தை அவள் மாற்றிச் சொன்னது பொய் என்கிறீர்கள். களைத்து வந்தவனை மாடு என்பது எந்த ஊர் உண்மை?

மேல்மலை விலாசத்துக்கு அவளுக்கு எழுதியிருக்கிறேன். இங்கே அவளுடைய அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கோர்ட்டுக்காரரோடு சந்தோஷமாக இருங்கள்.

அத்தை


ஆகஸ்ட் 19

அத்தை அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள். உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதும்படி எதுவும் இல்லாததால்.

கோர்ட்டுக்காரரோடு முதல் கூட்டம் கல்குவாரியில். அவர் என் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இந்த நபர் கூறுவதாவது’ என்று தொடங்கினாராம். என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும், பிறகு அவரே பெருமையாகச் சொன்னதுதான். ‘இந்த நபர் கூறுவதாவது, நீங்கள் பிடிவாதக்காரர்கள். இந்த நபர் கூறுவதாவது, நீங்கள் சோம்பேறிகள். கல்லை உடைத்து உடைத்து உங்கள் தலையும் கல்லாகிவிட்டது.’ நடுவில் நான் அவர் காதருகே குனிந்து, “இதெல்லாம் இவங்களுக்குப் புரியுதா?” என்று கேட்டேன். அதையும் சொல்லிவிட்டார்: ‘இதைப் புரிந்துகொள்ளும் அறிவு உங்களுக்கு உண்டா என இந்த நபர் வினவுகிறார்.’

குவாரியில் மூத்த கல் உடைக்கிறவர் எழுந்து நின்றார். அவர் கேட்டதைக் கோர்ட்டுக்காரர் எனக்குச் சொன்னார்.

“இத்தனை நாளும் இவர் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரா?”

அதற்குக் கோர்ட்டுக்காரர் என்னைக் கேட்காமலேயே பதில் சொன்னார். “இன்னிக்குச் சொன்னதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.”

யாரும் சண்டை போடவில்லை. வழக்கம்போல வரிசையாக வந்து என் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போனார்கள். அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. மலையில் செய்தி எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பால்பண்ணையில் கதவையே திறக்கவில்லை. மில்லில் பெருக்க வந்த ஒரு பெண் மட்டும் இருந்தாள். அவளுக்கு என் முழுப் பிரசங்கத்தையும் கோர்ட்டுக்காரர் ஒரு சொல் விடாமல் சொன்னார். அவள் பெருக்கி முடித்துவிட்டு, எங்கள் கால்களை நகர்த்தச் சொல்லி அங்கேயும் பெருக்கிவிட்டுப் போனாள்.

இந்த ஜனங்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரையும் கோர்ட்டுக்காரர் போகிறபோது சொல்லிவிட்டுப் போனார். ‘பெரிய சத்தம்.’ நான் வந்த முதல் மாதத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். ‘பெரிய சத்தமும் நல்ல அம்மாவும் வர்றாங்க’ என்பார்களாம்.

தங்கள் மகளுக்குத் தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். திரும்பி வரச் சொல்லி எழுதுங்கள். அவளுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களையும் அனுப்பாமல் கிழித்துவிட்டேன்.

மருமகன்


செப்டம்பர் 5

பாப்பா,

அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு எப்படி இருக்கிறது? ஜூனில் எழுதியதற்குப் பதில் இல்லை. பரவாயில்லை.

உன் வீட்டுக்காரர் என்னைத் தூது போகச் சொல்லி எழுதியிருக்கிறார். ஆயிரம் பேர் மைதானத்தில் முழங்கியவருக்கு இப்போது மருந்துக்கடைக்காரி வாய் வேண்டியிருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருக்கிறது. நான் அவருக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன். அந்தக் குரலை மட்டும் கழற்றிவிட்டால் மிச்சம் ஒரு கோட்டுதான் இருக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். நீ கேட்கவில்லை. போகட்டும்.

ஊருக்கு வந்துவிடு. சாணி மிதிக்கும் அந்த நாலு பேருக்காக உன் வாழ்க்கையைத் தொலைக்க வேண்டாம். அவர்களுக்கு நீ என்ன சொன்னாலும் ஒன்றுதான். கடையில் எனக்கும் துணை வேண்டும். உன் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

அம்மா


அக்டோபர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பு பரவாயில்லை. காலையில் கொஞ்சம் இருமுகிறது. இதற்கு முன்பெல்லாம் இருமல் இருந்தாலும் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். இத்தனை மாதம் எழுதாததற்கும் காரணம் அதுதான். உங்களுக்கு இதுவரை எழுதியதெல்லாம் பூசி மெழுகிய கடிதங்கள். பூசாமல் எழுத எனக்குத் தெரியவில்லை. பழகிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ‘அந்தப் பம்புக்காரன் எப்படி இருக்கிறான்’ என்று எழுதுவீர்கள். ‘அம்மா உங்களை விசாரித்தார்கள்’ என்று அவரிடம் சொல்வேன். ‘உங்கம்மாவுக்கு நாக்குல விஷம்’ என்பார் அவர். உங்கள் காபியை நினைத்துக்கொள்கிறார் என்று உங்களுக்கு எழுதுவேன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வாய் வலித்துவிட்டது அம்மா. சபையில் செய்ததும் இதே வேலைதான். முதல் நாள் அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு இந்த மொழியில் சொல் கிடைக்கவில்லை. கிடைத்த சொல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவச்சி வீட்டு முன்னறையில்தான் இப்போது எல்லோரும் கூடுகிறார்கள். கல்குவாரியிலிருந்துகூட ஏறி வருகிறார்கள். பிரசங்கம் ஒன்றும் இல்லை. ஒருவர் வாசிப்பார், ஒருவர் பாடுவார், பிறகு பேசிக்கொண்டிருப்போம். அன்று அடை மழை. பால் வண்டியிலிருந்து அவர் இறங்கி வந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

“நான் பேசணும். நீ சொல்வியா?” என்று கேட்டார்.

“சொல்றேன். ஆனா நீங்க சொன்னது சொன்னபடிதான். ஒரு எழுத்து மாத்தமாட்டேன்.”

தலையை ஆட்டிவிட்டு நடுவில் போய் நின்றார். கையைத் தூக்கினார். “அருமையான ஆத்துமாக்களே!” என்றார். அப்படியே சொன்னேன். இந்த மொழியில் அதை அப்படியே சொன்னால் செத்துப்போனவர்களைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. கையைக் கீழே போட்டார். அப்புறம் வாயைத் திறப்பதும் என்னைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். அம்மா, அந்த மனுஷர் வார்த்தைக்குத் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இதை இவள் அப்படியே சொன்னால் என்ன ஆகும் என்று உள்ளுக்குள் நிறுத்திப் பார்க்கிறார், ஒன்றும் தேறவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத வேண்டும். அப்போது அப்படி இல்லை. நன்றாகத் திணறட்டும் என்றுதான் இருந்தது.

கடைசியில், “எனக்கு உங்க மேல கோபம்” என்றார். சொன்னேன்.

“என்னைக் கூப்பிட்டு யாரும் ஆள் அனுப்பல. நானாத்தான் வந்தேன்.” அதையும் சொன்னேன்.

கல் உடைக்கிறவர், “அது நிஜம்தான்” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதை நான் அவருக்குச் சொன்னேன்.

“இத்தனை நாள் வந்துபோயிருக்கேன். உங்கள்ல ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது” என்றார். குரல் அந்தப் பழைய குரலே இல்லை. பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிற மாதிரி இருந்தது.

மருத்துவச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “தெரிஞ்சுக்க இன்னும் ஆயுசு இருக்கு. முதல்ல அந்த ஈரக் கோட்டைக் கழட்டிட்டு உட்காரச் சொல்லு. தரையெல்லாம் தண்ணி” என்றாள். சொன்னேன். கழற்றினார். பெஞ்சில் கல் உடைக்கிறவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பாட்டு ஆரம்பித்தது. அவருக்கு ஒரு வரியும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் அவரோடு திரும்பிப் போகவில்லை. பால் டிப்போ மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். மொழி கற்றுக்கொள்கிறார். என்னிடம் இல்லை, டிப்போவில் கேன் கழுவுகிறவர்களிடம். அவரோடு இருப்பேனா என்று இன்னும் தெரியவில்லை. ஊருக்கு வரமாட்டேன் என்பது தெரியும். நீங்கள் எழுதிய அந்த நாலு பேரோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் என்ன சொன்னாலும் அவர்களுக்கு ஒன்றுதான் என்று எழுதியிருந்தீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இனி உங்கள் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை உங்களுக்கும் நான் சுமக்கப் போவதில்லை. இருவருக்கும் எழுதத் தெரியும்.

உங்கள் பாப்பா


அக்டோபர் 30

அத்தைக்கு,

நான் சுமாராக இருக்கிறேன். மலையேறி இறங்கிக் கால் வீங்கியிருக்கிறது.

தங்களுக்கு நேராக எழுதச் சொல்லிவிட்டாள். அதனால் நேராகவே எழுதுகிறேன். எனக்குத் தங்களைப் பிடிக்காது. தங்கள் கடிதம் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. தங்கள் கையால் காபி குடிக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. காபியே எனக்கு ஒத்துக்கொள்ளாது. என்னைத் தாங்களும் மனுஷனாக நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை என்பது இப்போது தெரிகிறது.

தங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், பிப்ரவரியில். இப்போது சொல்கிறேன். மெலிந்திருக்கிறாள். இருமல் இருக்கிறது. மருத்துவச்சி ஏதோ கஷாயம் கொடுக்கிறாள், தங்கள் மகள் அதை ஜன்னல் வழியாக ஊற்றிவிடுகிறாள். என்னோடு இருந்தபோது சிரித்ததைவிட இங்கே அதிகமாகச் சிரிக்கிறாள். நான் அறைக்குள் வந்தால் கொஞ்சம் குறைகிறது. என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.

இந்த ஜனங்கள் மந்தமானவர்கள் என்று இப்போதும் சில நேரம் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த மொழியில் இங்கே என்னைவிட மந்தம் யாரும் இல்லை. போன வாரம் மருத்துவச்சியை ‘நல்ல மனுஷி’ என்று சொல்ல நினைத்து ‘நல்ல பாலம்’ என்று சொல்லிவிட்டேனாம். எல்லோரும் அவளைப் பாலம் என்றே கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் அது பிடித்துவிட்டது போலத் தெரிகிறது. என்னைப் பார்த்தால் முதுகை வளைத்துக் காட்டுகிறாள்.

பிரசங்கம் செய்வதில்லை. பேச இன்னும் வார்த்தை சேரவில்லை.

மருமகன்


நவம்பர் 21

மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள். கால் வீக்கத்துக்கு ஒரு களிம்பு தனியாக அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளை தடவுங்கள். ஜெபத்தோடு தடவினாலும் அதே குணம்தான்.

நீங்கள் எனக்கு எழுதியதிலேயே உருப்படியான கடிதம் இதுதான். படித்தவுடன் உங்கள் மேல் எரிச்சல் வந்தது, ஆனால் தலைசுற்றவில்லை. பழைய கடிதங்களுக்கு இரண்டுமே வரும். உங்களை எனக்கும் பிடிக்காது. இதில் மட்டுமாவது நமக்குள் ஒற்றுமை இருப்பதில் மகிழ்ச்சி.

பாப்பா வரமாட்டேன் என்று எழுதிவிட்டாள். ‘அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறாள். பம்புக்காரரோடு என்னைச் சேர்த்து ஒரே தராசில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் அவள் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கடையில் ஒருவர் சீட்டைத் தலைகீழாக நீட்டினார். திட்ட வாயெடுத்தேன், அவள் பக்கத்தில் நின்றால் இதை எப்படி மாற்றிச் சொல்வாள் என்று யோசனை வந்து தொலைத்தது. சீட்டை நானே திருப்பிப் பிடித்துப் படித்தேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

மழைக்காலம் முடிந்ததும் கடையைத் தங்கை மகனிடம் விட்டுவிட்டு நான் அங்கே வருகிறேன். அவள் கூப்பிடவில்லை, நீங்களும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வருகிறேன். டிப்போ மாடியில் தங்கமாட்டேன், பயப்படாதீர்கள். மகளோடு மருத்துவச்சி வீட்டில் இருப்பேன்.

என் வாய் எனக்குத் தெரியும். சொன்னது சொன்னபடி மொழிபெயர்க்க ஆரம்பித்திருக்கிறாளே, அந்த ஜனங்களுக்கு முன்னால் நான் என்ன சொல்லி வைப்பேனோ என்று நினைத்தால் எனக்கே திகிலாக இருக்கிறது. அதனால் வந்த இடத்தில் பேசாமல் இருக்கப்போகிறேன். என் மகளுக்குக் கூரையும் சோறும் கொடுத்த அந்த மருத்துவச்சியிடம் சொல்ல மட்டும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். கடையில் ஆள் இல்லாதபோது அதைச் சொல்லிப் பார்த்து வருகிறேன். முதல் பாதி நன்றாகத்தான் வருகிறது. அதற்குமேல் மாத்திரை டப்பாக்களை அடுக்க ஆரம்பித்துவிடுகிறேன். அங்கேயும் பாதிதான் வந்தால், அந்தப் பாதியைப் பாப்பா அப்படியே அவளுக்குச் சொல்லட்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

அத்தை